விருந்தா, விருந்தாளியா? சைப்ரஸ் தீவின் நான்கு பருவப் பறவைகள்

மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தப் பறவையின் எடை. பெயர் பிளாக்கேப். சாம்பல் நிற உடம்பு. ஆண் பறவைக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, பெண் பறவைக்குப் பழுப்புத் தொப்பி. நம் ஊர்க் கதிர்க்குருவிகளின் கூட்டத்தோடு சேர்க்கத்தக்க உருவம். கிழக்கு ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வருவதற்குள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும். நடுவில் மத்தியதரைக் கடல். அந்தக் கடலைத் தாண்டுமுன் இறங்கி, கொஞ்சம் பழம் தின்று, மூச்சு வாங்க அதற்கு ஒரு தரை வேண்டும்.

அந்தத் தரைகளில் ஒன்றுதான் சைப்ரஸ். சிசிலி, சார்டினியாவுக்கு அடுத்து மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவு. பரப்பு 9,251 சதுர கி.மீ. வடக்கே துருக்கி சுமார் 75 கி.மீ தூரம். கிழக்கே சிரியா சுமார் 100 கி.மீ. தெற்கே எகிப்துக்குப் போக ஏறத்தாழ 380 கி.மீ கடல். மூன்று கண்டங்கள் சந்திக்கும் முச்சந்தியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சுமார் 400 பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தங்க வந்தவை அல்ல, கடந்து போக வந்தவை.

இந்த வாரம் அந்தத் தீவில் ஒரு வருடம் சுற்றி வருவோம். நம் ஊர்க் கணக்கு ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை என்றால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பறவைகளின் வரவும் போக்கும் அந்தத் தண்ணீரைப் பொறுத்ததுதான்.

குளிர்காலம்: விமான ஜன்னலில் இருந்தே தெரியும் இளஞ்சிவப்பு

சைப்ரஸில் பறவை பார்க்க காட்டுக்குள் போகவேண்டும் என்று கூட இல்லை. லார்னகா விமான நிலையத்தை ஒட்டியே ஒரு பெரிய உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் அது வெள்ளை வெளேரென்று உப்புப் பாளம். நவம்பரில் மழை இறங்கியதும் தண்ணீர் கட்டும். தண்ணீர் கட்டியதும் உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு இறால்கள் பெருகும். இறால் பெருகினால் பூநாரைகள் வந்துவிடும்.

நம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்க்கிறோமே, அதே பெரிய பூநாரை இனம்தான். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, அலகால் சல்லடை போட்டுச் சாப்பிடும் அதே அழகு. அந்த இறாலில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பு ஏற்றுகிறது. கரையில் பேரீச்சை மரங்கள், நடுவே ஹாலா சுல்தான் தெக்கே என்ற பழைமையான பள்ளிவாசல். அதன் முன்னால் தண்ணீரில் பூநாரைக் கூட்டம். சைப்ரஸ் காலண்டர்களில் அதிகம் அச்சாகும் காட்சிகளில் இது ஒன்று.

இந்த ஏரிக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கதையும் உண்டு. புனித லாசரஸ் இந்தப் பக்கம் வந்தபோது, திராட்சைத் தோட்டத்தில் இருந்த ஒரு பாட்டியிடம் தாகத்துக்குப் பழம் கேட்டாராம். இல்லை என்று பாட்டி கையை விரிக்க, அந்தத் தோட்டமே உப்பாகப் போனதாம். வந்தவருக்குக் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாட்டிகளும் இப்படித்தானே கதை சொல்வார்கள்!

ஆனால் கதையில் இல்லாத ஓர் ஆபத்து அந்த ஏரியின் அடியில் கிடக்கிறது. வேட்டைத் துப்பாக்கிகளிலிருந்து பல வருடங்களாகச் சிதறிய ஈயக் குண்டுகள். இரையை அரைக்க பூநாரைகள் சிறு கற்களை விழுங்கும். கல் என்று நினைத்து ஈயத்தையும் விழுங்கிவிடும். ஈயம் இரத்தத்தில் கலந்து பறவை மெல்ல மெல்லச் சாகும். 2021-ன் தொடக்கத்தில் லார்னகா ஏரியில் பூநாரைகள் டஜன் கணக்கில் இறந்து கிடந்தது உலகச் செய்தியானது. ஈரநிலங்களில் ஈயக் குண்டு பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இனிமேல் விழும் குண்டுகளை சட்டம் தடுக்கும். ஏற்கெனவே சேற்றில் புதைந்து கிடப்பவற்றை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வசந்தம்: இரவோடு இரவாக நிறையும் தீவு

மார்ச் பிறந்தால் காற்று திசை மாறும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். முதல் நாள் காலியாக இருந்த புதர், மறுநாள் காலை பறவைகளால் நிறைந்திருக்கும். இரவெல்லாம் கடல் மேல் பறந்து களைத்தவை, கண்ணில் பட்ட முதல் கரையில் இறங்கிவிடும்.

இதைப் பார்க்க நல்ல இடம் மேற்கு முனையில் இருக்கும் பாஃபோஸ். ரோமானியர் காலத்து மொசைக் தரைகளுக்காக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தொல்லியல் களம் இது. சுற்றுலாப் பயணிகள் தரையில் உள்ள கல் ஓவியங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே பைனாகுலர் மாட்டிய கூட்டம் ஒன்று கலங்கரை விளக்கத்தைச் சுற்றிப் புதர் புதராக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், பனங்காடை, மாங்குயில் என்று நமக்குப் பழக்கமான குடும்பப் பெயர்களே அங்கேயும் வரிசை கட்டும். சில இனங்கள் வேறு, ஆனால் சாடை ஒன்றுதான்.

தீவுக்கே சொந்தமான பறவைகளில் இருவர் இப்போதுதான் மேடை ஏறுவார்கள். ஒருவர் சைப்ரஸ் வீட்டியர். கறுப்பு வெள்ளை உடை போட்ட, சிட்டுக்குருவி அளவுப் பறவை. குளிர்காலத்தை சூடான், எத்தியோப்பியா பக்கம் கழித்துவிட்டு, குடும்பம் நடத்த மட்டும் இந்தத் தீவுக்கு வரும். உலகத்தில் வேறு எங்கும் கூடு கட்டாது. இன்னொருவர் சைப்ரஸ் கதிர்க்குருவி. முள்புதருக்குள் ஒளிந்து பாடும். இதுவும் முட்டையிடுவது இங்கே மட்டும்தான்.

நம் ஊரில் குயில் காக்கை கூட்டில் முட்டையிடும் கதை தெரியும் அல்லவா? அதன் சைப்ரஸ் பதிப்பும் உண்டு. பெரிய புள்ளிக் குயில் என்ற பறவை, மற்ற பறவைகளுக்கு முன்பே, ஜனவரி பிப்ரவரியிலேயே தீவுக்கு வந்துவிடும். அது முட்டையிடத் தேடுவது, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பையின் கூட்டை. ஊர் மாறினாலும் ஏமாறுவது காக்கைக் குடும்பம்தான்!

லார்னகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரோக்லினி ஏரியில், நெடுங்கால் உள்ளான்கள் கூடு கட்டும். ஒரு பக்கம் வாகனங்கள் பறக்கும் நெடுஞ்சாலை, மறுபக்கம் வீடுகள், நடுவில் சின்னஞ்சிறு ஏரி. மரத்தாலான மறைவுக் குடில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட வசதியான இடம்.

கோடை: மலைக்கு ஏறு, இல்லை பாறைக்குப் போ

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சமவெளி வறுபடும். தலைநகர் நிக்கோசியாவில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏரிகள் உப்பாகிவிடும். இந்த நேரத்தில் பறவை பார்க்க விரும்புகிறவர்கள் ட்ரூடோஸ் மலைக்கு ஏறுவார்கள். உச்சி 1,952 மீட்டர். பைன் காட்டில் சிட்டு வகை, ஜே, மரமேறி எனச் சில காட்டுப் பறவைகள் உண்டு. ஐரோப்பா முழுக்க இருக்கும் இனங்கள்தான். ஆனாலும் கடல் பிரித்துவிட்டதால் பல்லாயிரம் வருடங்களில் நிறமும் குரலும் கொஞ்சம் மாறி, தீவுக்கே உரிய துணையினங்களாகிவிட்டன.

கோடையின் நாயகர் என்றால் எலியனோரா ராஜாளிதான். மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்போது இது பொறுமையாகக் காத்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் இதன் குஞ்சுகள் வெளிவரும். காரணம் எளிமையானது. அந்த மாதங்களில்தான் வடக்கிலிருந்து லட்சக்கணக்கான சிறு பறவைகள் தெற்கே கிளம்பும். தென்கரையில் அக்ரோத்திரி, எபிஸ்கோபி பாறைகளில் இருந்து ராஜாளிகள் கடல்மேல் பாய்ந்து, வழிப்போக்கர்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். அக்டோபரில் குடும்பத்தோடு மடகாஸ்கருக்குப் புறப்பட்டுவிடும்.

பெயருக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். சார்டினியா தீவின் ஆர்போரியாவை 14-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட எலியனோரா. வேட்டைப் பறவைகளின் கூடுகளைக் காக்க சட்டம் போட்டவர் என்பதால் அவர் பெயரைச் சூட்டினார்கள். மத்தியதரைக் கடல் தீவுகளில் பறவைக்காகச் சட்டம் போடுவது புதிய வழக்கம் அல்ல. அதை நடைமுறைப்படுத்துவதுதான் இன்றுவரை சிரமமாக இருக்கிறது.

அதே பாறைகளில் பாறுக் கழுகுகளும் உண்டு. ஒரு காலத்தில் தீவு முழுக்கப் பறந்தவை. நரி, நாய்களுக்காக வைக்கப்படும் விஷ இறைச்சியைத் தின்று அழிந்து, 2022-ல் பத்துக்கும் குறைவாக மிஞ்சின. அதன்பிறகு ஸ்பெயினிலிருந்து கழுகுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நம் நாட்டில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் கழுகுகள் அழிந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். அங்கே விஷம், இங்கே மருந்து. இரண்டு இடத்திலும் கழுகைக் கொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இலையுதிர்காலம்: பாட்டு கேட்டு வந்து மாட்டும் பறவைகள்

ஆகஸ்ட் கடைசியில் அக்ரோத்திரி வானத்தில் டெமாய்செல் கொக்குகள் போகும். ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்தில் ஊரே தானியம் போட்டு வரவேற்கிறார்களே, குர்ஜா என்று அழைக்கப்படும் அதே இனம். இமயமலையைத் தாண்டி வரும் கூட்டம் நம்முடையது. மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் கூட்டம் சைப்ரஸுடையது. செப்டம்பர், அக்டோபரில் தேன் பருந்துகளும் செங்கால் ராஜாளிகளும் கூட்டம் கூட்டமாக வரும்.

கூடவே, நாம் ஆரம்பத்தில் பார்த்த பிளாக்கேப்பும் வரும். கதை இங்கேதான் கனக்கிறது.

கடல் தாண்டுமுன் பிளாக்கேப் அத்தியும் திராட்சையும் தின்று கொழுக்கும். அதனால் சைப்ரஸில் இதற்கு 'அம்பெலோபூலியா' என்று பெயர். திராட்சைத் தோட்டத்துப் பறவை என்று அர்த்தம். அதே பெயர்தான் அந்தப் பறவையை வேகவைத்தோ வாட்டியோ ஊறுகாய் போட்டோ முழுதாகச் சாப்பிடும் உணவுக்கும். இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1489 முதல் 1571 வரை வெனிஸ்காரர்கள் தீவை ஆண்ட காலத்தில், ஊறவைத்த சிறு பறவைகள் ஜாடியில் கப்பலேறி வெனிஸ் போயின. இறைச்சிக்கு வழியில்லாத ஏழைக் குடியானவர்களுக்கு, வருடத்தில் சில வாரம் வானத்திலிருந்து இறங்கும் புரதம் அது. அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

பிடிக்கும் பழைய முறை பசைக்குச்சி. ஒரு மரத்தின் பழத்தை வேகவைத்து, தேன் கலந்து, பிசின் போலாக்கி, குச்சிகளில் தடவி புதர்களில் செருகுவார்கள். உட்கார்ந்த பறவை ஒட்டிக்கொள்ளும். அந்த மரம் எது தெரியுமா? நம் ஊரில் சின்ன வயதில் பறித்து, காகிதம் ஒட்டப் பசையாகப் பயன்படுத்துவார்களே, மூக்குச்சளிப் பழம், அதன் நெருங்கிய சொந்தம்.

பசைக்குச்சி போய், இப்போது மெல்லிய நைலான் வலை வந்துவிட்டது. அதுதான் பாரம்பரியம் வியாபாரமாக மாறிய இடம். அகேசியா மரங்களை வரிசையாக நட்டு, சொட்டுநீர் விட்டு வளர்த்து, நடுவில் வலை கட்டுவார்கள். இரவெல்லாம் ஒலிபெருக்கியில் பறவைகளின் பாட்டுப் பதிவு ஓடும். மேலே பறந்துபோகும் பறவை, 'நம்மவர்கள் கீழே இருக்கிறார்கள், பாதுகாப்பான இடம்' என்று இறங்கும். விடிந்ததும் கூழாங்கற்களை வீசி, பதறிப் பறக்கும் பறவைகளை வலைக்குள் விரட்டுவார்கள். வலைக்கு எது பிளாக்கேப், எது வேறு என்று தெரியாது. 150-க்கும் மேற்பட்ட இனங்கள் இப்படிச் சிக்கியதாகப் பதிவாகியிருக்கிறது. வேண்டாத பறவை குப்பைக்குப் போகும்.

இது சட்டவிரோதம். 1974-லிருந்தே தடை உண்டு. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் தடை இன்னும் இறுகியது. ஆனாலும் ஒரு டஜன் பறவைகள் கொண்ட தட்டு, சில உணவகங்களில் கதவைச் சாத்திக்கொண்டு 40 முதல் 80 யூரோ வரை விற்கப்பட்டது. 2016-ல் மட்டும் தீவு முழுக்க சுமார் 23 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டதாக பேர்ட்லைஃப் சைப்ரஸ் அமைப்பு மதிப்பிட்டது. தீவின் மக்கள்தொகையைவிட அதிகம்.

இன்னொரு சங்கடம். மிக மோசமான இடங்களில் ஒன்றாக இருந்தது பிரிட்டனின் ராணுவத் தளம். 1960-ல் சைப்ரஸ் சுதந்திரம் அடைந்தபோது, தீவின் சுமார் 3 சதவிகித நிலத்தை ராணுவத் தளங்களாக பிரிட்டன் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதில் கிழக்கே உள்ள டெகேலியா தளத்து நிலத்தில், 2016 இலையுதிர்காலத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. வலைக்காரர்கள் நட்ட அகேசியாவை அகற்றப் போன ராணுவத்தினரை உள்ளூர் ஆட்கள் மறித்து நிறுத்திய சம்பவமும் அந்த வருடம் நடந்தது.

திருப்பம் எங்கே வந்தது?

அடுத்த வருடமே வந்தது. தளக் காவல்துறை இரவில் கேமரா பொருத்திய ட்ரோன்களைப் பறக்கவிட்டது. ஒளிந்து வலை கட்டியவர்கள் படமாகச் சிக்கினார்கள். ரோந்தும் வழக்குகளும் கூடின. டெகேலியாவில் 8 லட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை, 2017 இலையுதிர்காலத்தில் சுமார் 2,60,000 ஆகக் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். அதன்பிறகும் வலைகளின் பரப்பு தொடர்ந்து குறைந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பருவத்திலும் தோட்டம் தோட்டமாகப் போய் பசைக்குச்சிகளைத் தேடி எடுக்கிறார்கள். ஒட்டிய பறவையை எப்படி விடுவிப்பார்கள் தெரியுமா? எச்சில் தொட்டு, இறகு இறகாக. அதைவிட மென்மையான கரைப்பான் கையில் கிடைக்காது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2020 டிசம்பரில் சைப்ரஸ் நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்தியது. பிளாக்கேப் உள்ளிட்ட 14 சிறு பறவை இனங்களில் 50 பறவைகள் வரை கொன்றால் 2,000 யூரோவாக இருந்த உடனடி அபராதம் 200 யூரோ ஆனது. மேலே சொன்ன விலையில், நான்கைந்து தட்டு விற்றாலே அபராதப் பணம் திரும்பிவிடும். வலைக்காரர் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

அதே தீவில் வேறு காட்சியும் இருக்கிறது. எலித் தொல்லைக்கு விஷம் வைத்துப் பழகிய விவசாயிகள், நிலத்தில் கூகைகளுக்குக் கூண்டுப்பெட்டி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் எலிகளைப் பார்த்துக்கொள்ளும். சைப்ரஸ் 1974-லிருந்து இரண்டாகப் பிரிந்து கிடக்கும் தீவு. நடுவில் ஐ.நா. பாதுகாக்கும், சுமார் 180 கி.மீ நீளமுள்ள எல்லைப் பகுதி. கிரேக்கம் பேசுகிறவரும் துருக்கி பேசுகிறவரும் இன்னும் ஒரே மேசையில் உட்காராத விஷயங்கள் நிறைய. கூகை மட்டும் இரண்டு பக்கத்து எலியையும் பிடிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

'நான் சைப்ரஸ் போகப்போவதில்லையே' என்கிறீர்களா? வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போயிருக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை அனுப்புங்கள். கூடவே சில குறிப்புகள்.

* பூநாரைகளுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. லார்னகா அல்லது அக்ரோத்திரி உப்பு ஏரி. கரையிலேயே நின்று பாருங்கள். செல்ஃபிக்காக தண்ணீருக்குள் இறங்கினால் கூட்டமே எழுந்துவிடும்.
* வலசைப் பறவைகளுக்கு: மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை. பாஃபோஸ் முனை. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.
* ராஜாளிகளுக்கு: ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை, தென்கரைப் பாறைகள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.
* உணவகத்தில் அம்பெலோபூலியா என்று காதோடு சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால் வலைக்கும் வேலையில்லை.
* பார்த்த பறவையை இ-பேர்ட் செயலியில் பதிவிடுங்கள். எந்த மாதம், எங்கே, எத்தனை என்ற மூன்று தகவல் போதும். அது சைப்ரஸிலிருந்து வந்தாலும் சரி, சிங்காநல்லூர் குளத்திலிருந்து வந்தாலும் சரி, ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.

நம் வீட்டுக்கு வழிப்போக்கர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மூன்று நாணய எடையுள்ள ஒரு பறவை கேட்பதும் அவ்வளவுதான்: ஓர் இரவு, ஒரு புதர், நாலு பழம். மறுநாள் அது தன் வழியில் போய்விடும்.

உங்கள் ஊருக்கு எந்த மாதத்தில் எந்தப் பறவை விருந்தாளியாக வருகிறது? பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நிறம், அளவு, வந்த மாதம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சேர்ந்தே கண்டுபிடிப்போம்.